பட்டாளத்து அப்பாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி? எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், குடியாத்தம், பரதராமி, பொன்னை, அந்தப் பக்கம் குடிபாலா, சித்தூர் என்று எங்கள் தமிழக-ஆந்திர எல்லையோர ஊர்களில் பட்டாளத்துக்குப் போன ஆள் இல்லாத தெருவே இல்லை. கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் வந்துவிட்டது. அப்படிப் போய், பென்ஷன் வந்து, பிள்ளைகளைக் கரையேற்றி, பேரன் பேத்தி பார்த்தவர்கள் இன்று ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தெருமுனையில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர், பதினாறாம் நாள் காரியம், ஒரு படத்திறப்பு. அதோடு டிரங்க் பெட்டி பரண் மேல் ஏறிவிடுகிறது. “உங்க தாத்தா எங்கே வேலை பார்த்தார்?” என்று பேரனைக் கேட்டால் “மிலிட்டரி” என்கிறான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைக் குடும்பமே எழுதி வைக்க வேண்டும். அதற்கு எழுத்தாளர் தேவையில்லை. பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். பட்டாளத்துக்காரரின் வாழ்க்கை இரண்டு இடத்தில் நடந்தது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒன்று அவர் இருந்த படைப்பிரிவான யூனிட்டில், இன்னொன்று வீட்டில். யூனிட் வாழ்க்கைக்குக் காகிதம் இருக்கிறது. வீட்டு வாழ்க்கைக்கு அம்மாவின் நினைவைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்தால்தான் அந்த மனிதர் முழுசாகத் தெரிவார்.

முதலில் காகிதங்களைக் காப்பாற்றுங்கள்

சாவு வீட்டில் முதலில் காணாமல் போவது காகிதம்தான். பந்தல்காரருக்குப் பணம் கொடுக்க பீரோவைத் திறந்து மூடும் அவசரத்தில் எது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வீட்டில் நிதானமான ஒருவர், பெரும்பாலும் மருமகளோ மகளோ, பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. எனப்படும் பென்ஷன் உத்தரவு, பென்ஷன் பாஸ்புக், கேன்டீன் கார்டு, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை ஆகியவற்றை ஒரே பையில் போட்டுத் தனியாக வைத்துவிட வேண்டும்.

வாழ்க்கையை எழுதுவதற்கு முன்னால் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தை முடியுங்கள். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பென்ஷன் தரும் இடத்திலும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் தெரிவியுங்கள். சித்தூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அங்கேயுள்ள ஜில்லா சைனிக் அலுவலகம். அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும், ராணுவப் பதிவில் வேறு மாதிரியும் இருப்பது இந்தப் பக்கம் சகஜம். கல்யாணம் ஆனபோதும் பிள்ளை பிறந்தபோதும் அப்பா யூனிட்டில் தெரிவித்திருந்தால், அது ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவாகப் பதிவாகியிருக்கும். அந்த நகல் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பென்ஷனுக்கும் உதவும், பின்னால் வாழ்க்கைக் குறிப்புக்கும் உதவும்.

எந்த அசல் காகிதத்தையும் லேமினேஷன் போட வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் செய்கிறார்கள். சூட்டில் மை மங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. பிளாஸ்டிக் உறை ஒன்றில் செருகி வைத்தாலே போதும்.

டிரங்க் பெட்டியைப் படிக்கும் முறை

கறுப்புத் தகரப் பெட்டி, மேல்மூடியில் வெள்ளை பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். பல வீடுகளில் பழைய ரேங்க்கை அடித்துவிட்டுப் புது ரேங்க் எழுதியிருப்பார்கள். எங்கள் பெரியப்பாவின் பெட்டி மூடியில் ‘நாயக்’ என்பதன் கீழே ‘சிப்பாய்’ மங்கலாகத் தெரியும். மூடியின் உள்பக்கம் காட்பாடியில் ஏறி எங்கெங்கே வண்டி மாற வேண்டும் என்று பென்சிலில் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் மூடியின் இரண்டு பக்கத்தையும், உள்ளே விரித்திருக்கும் பழைய செய்தித்தாளையும் முதலில் போட்டோ எடுங்கள். பிறகு பொருள்களை எடுங்கள். எது எதன் மேல் இருந்தது என்பதுகூட ஒரு தகவல்தான்.

*டிஸ்சார்ஜ் புக்.* இதுதான் முதுகெலும்பு. சர்வீஸ் நம்பர், பட்டாளத்தில் சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, காரணம், கடைசி ரேங்க், டிரேடு, படித்த கோர்ஸ்கள், மெடல்கள், நடத்தை பற்றிய மதிப்பீடு எல்லாம் இதில் இருக்கும். பலரும் கவனிக்காமல் புரட்டிவிடும் ஒரு பகுதி அடையாளக் குறிகள். இடது புருவத்தில் தழும்பு, வலது முழங்காலில் மச்சம் என்று யாரோ ஒரு கிளார்க் எழுதியிருப்பார். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று அவருடைய தங்கையைக் கேளுங்கள். புளியமரத்தில் ஏறி விழுந்த கதை கிடைக்கும். அவருடைய சிறுவயதுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை.

பிறந்த தேதியை அப்படியே நம்பிவிட வேண்டாம். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டதோ, ஆள் எடுப்பில் சொன்னதோதான் பதிவாகியிருக்கும். “பெரிய புயல் அடிச்ச வருஷம் பொறந்தவன்” என்று பாட்டி சொல்லியிருந்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஊர் விவரத்தில் எல்லையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பழைய பதிவுகளில் வேலூர் மாவட்டம் என்று இருக்காது, வட ஆற்காடு என்றுதான் இருக்கும். அந்த மாவட்டம் 1989-இல் பிரிந்தது. பின்னர் 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகின. மாநிலத்தின் பெயரே 1969 ஜனவரி 14 வரை மதராஸ்தான். திருத்தணிக்காரர் 1953 அக்டோபருக்குப் பிறகு, 1960-க்கு முன் சேர்ந்திருந்தால் அவர் முகவரி சித்தூர் மாவட்டம், ஆந்திரா என்று இருக்கும். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி நம் பக்கம் வந்தது. “இது வேறு யாரோ” என்று காகிதத்தை ஒதுக்கிவிடாதீர்கள். எங்கே கடிதம் எழுதினாலும் பழைய முகவரி, இன்றைய முகவரி இரண்டையும் கொடுங்கள்.

*மெடல்கள்.* மெடலின் விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். நம்பர், ரேங்க், பெயர், யூனிட் பொறித்திருக்கும். பளபளக்க வேண்டும் என்று புளி போட்டோ சபீனா போட்டோ தேய்த்தால் அந்த எழுத்து தேய்ந்துவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ரிப்பன் நைந்திருந்தால் புதிது மாட்டலாம், பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

எந்த மெடல் எதைச் சொல்கிறது என்பதில்தான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. 1971 போர்க் காலத்தில் படையில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கொடுத்தது சங்க்ராம் மெடல். அது இருந்தாலே போர்முனையில் இருந்தார் என்று எழுதிவிடக் கூடாது. கிழக்கே வங்கதேசப் பக்கம் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே பாகிஸ்தான் எல்லையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். 1965-க்கும் இதே கணக்குதான்: ரக்ஷா மெடல் பொதுவானது, களத்தில் இருந்தவர்களுக்குச் சமர் சேவா ஸ்டார். சைன்ய சேவா மெடலின் ரிப்பனில் ஒரு சின்ன உலோகப் பட்டை குறுக்கே இருக்கும். அதில் ஜம்மு காஷ்மீர், நேஃபா, ஹிமாலயா என்று எந்தப் பகுதியில் இருந்தாரோ அது இருக்கும். நேஃபா என்றால் இன்றைய அருணாசலப் பிரதேசம். விதேஷ் சேவா மெடல் வெளிநாட்டுப் பணிக்கு உரியது. 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன பலரிடம் இது உண்டு. சுதந்திரத்தின் 25-ஆம், 50-ஆம் ஆண்டு மெடல்கள் அந்தந்த நேரத்தில் சர்வீஸில் இருந்தவர்களுக்குக் கிடைத்தவை. ஒன்பது வருடம், இருபது வருடம் என்று நீண்ட சேவைக்கும் தனி மெடல் உண்டு.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. போருக்கே போகாமல் சப்ளை டிப்போவில் பதினைந்து வருடம் நின்றவரும் மரியாதைக்குரியவர்தான். அவர் செய்யாததைச் செய்ததாக எழுதினால், அவர் உண்மையில் செய்த வேலையை நாமே அழித்தவர்களாகிவிடுவோம்.

*போட்டோக்கள்.* தேதி இல்லாத போட்டோவுக்குக் கையில் இருக்கும் பட்டையே தேதி. ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளில் ஒரு நட்சத்திரம் ஏறியிருந்தால் நாயப் சுபேதார். பதவி உயர்வு தேதிகளோடு ஒப்பிட்டால் போட்டோ எந்த வருடத்துக்குள் எடுத்தது என்று பிடித்துவிடலாம். தொப்பியில் யானைச் சின்னம் இருந்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட். 1803 அசாயே போரின் நினைவாக வந்த யானை அது. குரூப் போட்டோவை 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்யுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் முகங்களும் தோள்பட்டை எழுத்தும் தெளியும். போட்டோவின் பின்பக்கம் பேனாவால் எழுதாதீர்கள், மென்மையான பென்சில் போதும்.

*கடிதங்களும் மணியார்டர் கூப்பன்களும்.* முகவரியில் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்றிருந்தால் பெரும்பாலும் வடக்கு, மேற்குப் பக்கம். 99 ஏ.பி.ஓ. என்றால் கிழக்குப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டுமென்றே இருக்காது. ஆனால் கடிதத்தில் “இங்கே மழை விடவில்லை”, “தண்ணீர் தொட்டால் விரல் மரத்துப் போகிறது” என்று எழுதியிருப்பதை போஸ்டிங் தேதிகளோடு வைத்துப் பார்த்தால் இடம் ஓரளவு புரியும். மணியார்டர் கூப்பனில் செய்தி எழுதக் கொஞ்சமே இடம் இருக்கும். அதில் என்ன எழுதினார் என்று பாருங்கள். “மாட்டுக்குத் தீவனம், பாக்கிக்கு 20, பெரியவளுக்குப் பாவாடை” என்று பணத்தைப் பிரித்துக் கொடுத்த அந்த வரியில், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தபடியே குடும்பம் நடத்திய ஒருவர் இருக்கிறார். நான் புத்தகம் போட்டால் மெடல் படத்துக்கு முன்னால் கூப்பன் படத்தைத்தான் வைப்பேன்.

இரண்டு பத்தி நோட்டு

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்தின் நடுவில் கோடு. இடது பக்கம் யூனிட், வலது பக்கம் வீடு. மேலே வருடம். பட்டாளத்தில் சேர்ந்த வருடத்திலிருந்து பென்ஷன் வந்த வருடம் வரை வருடத்துக்கு ஒரு பக்கம். காலியாக இருந்தாலும் பக்கத்தை விடாதீர்கள்.

இடது பக்கத்தை டிஸ்சார்ஜ் புக், மெடல், கடிதங்களிலிருந்து நிரப்புங்கள். நாட்டின் தேதிகளையும் போடுங்கள்: 1962 அக்டோபர், நவம்பரில் சீனாவோடு நடந்த போர், அதன் பிறகு படையைப் பெருக்க நடந்த பெரும் ஆள் எடுப்பு, 1965 செப்டம்பர் 23-இல் போர் நிறுத்தம், 1971 டிசம்பர் 3 முதல் 16 வரை, 1984 ஏப்ரலில் தொடங்கிய சியாச்சின் பணி, 1999 மே முதல் ஜூலை வரை கார்கில்.

வலது பக்கத்தில் வீட்டில் நடந்தது: கல்யாணம், பிரசவம், தாத்தா சாவு, கிணறு வெட்டியது, ஓட்டு வீட்டுக்குத் தளம் போட்டது, பங்காளிச் சண்டை, அக்காவின் சடங்கு. தேதி தெரியாவிட்டால் திருவிழாவை வைத்துப் பிடியுங்கள். குடியாத்தம் பக்கத்து வீடுகளில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு லீவு கிடைத்ததா இல்லையா என்பது மறக்கவே மறக்காது. “அந்த வருஷம் சிரசுக்கு வந்தாரு, மறு வருஷம் வரல, சண்டை வரப் போகுதுன்னு லீவு எல்லாம் நிறுத்திட்டாங்க” என்று அம்மா சொல்லும்போது இரண்டு பத்தியும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

முக்கியமாக லீவுகளைக் குறியுங்கள். வருடத்தில் இரண்டு மாதம், நடுவில் கொஞ்சம் கேஷுவல் லீவு. பதினேழு வருட சர்வீஸ் என்றால் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தது கூட்டிக் கழித்து மூன்று, நான்கு வருடம்தான். போர்முனை இல்லாத பீஸ் ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடும்பத்தைக் கூட்டிப் போயிருந்தால் அது தனிக் கணக்கு. இந்த நாள்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் அவர் ஏன் லீவில் வந்தபோதெல்லாம் ஓயாமல் கூரை வேய்ந்துகொண்டும் வேலி கட்டிக்கொண்டும் இருந்தார் என்பது பல பிள்ளைகளுக்குப் புரிகிறது.

யாரை, எப்படிக் கேட்பது

முதலில் அம்மாவை. ஆனால் உடனே அல்ல. காரியம் முடிந்து, உறவினர் கூட்டம் கலைந்து, வீடு அமைதியான பிறகு. போனை ரெக்கார்டில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் பேச்சு வராது. வெங்காயம் உரிக்கும்போதோ, கீரை ஆயும்போதோ பக்கத்தில் உட்காருங்கள். பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டே செய்யுங்கள். “அவரைப் பத்திச் சொல்லும்மா” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “முதல் லீவுல வரும்போது என்ன வாங்கியாந்தாரு?” என்று கேளுங்கள். பொருள் ஒன்று வந்துவிட்டால் கதை பின்னாலேயே வரும்.

எங்கள் பெரியம்மா ஒரு நாள் சொன்னது: “அவரு வந்த அன்னிக்கு உங்கண்ணனுக்கு ரெண்டரை வயசு. பூட்ஸ் சத்தம் கேட்டுட்டு யாரோ போலீஸ் வந்துட்டாருன்னு கொல்லப்பக்கம் ஓடிட்டான். ராத்திரி சோறு ஊட்டினப்பதான் கிட்ட வந்தான். அதுக்குள்ள இவரு அழுதுட்டாரு.” இந்த நான்கு வாக்கியத்தை அப்படியே, அவர் பேசிய மாதிரியே எழுத வேண்டும். ‘பாசமிக்க தந்தை’ என்று மாற்றி எழுதினால் எல்லாம் போய்விடும்.

அடுத்து யூனிட் நண்பர்கள். பழைய டைரி, கல்யாணப் பத்திரிகை, போனில் உள்ள எண்கள் எதிலாவது ஒருவர் கிடைப்பார். அவர் மலையாளியாகவோ தெலுங்கராகவோ இருக்கலாம், மெட்ராஸ் ரெஜிமென்ட்டிலும் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸிலும் தென்னாட்டு ஆள்கள் எல்லாரும் கலந்துதானே இருந்தார்கள். பேசும்போது ‘அங்கிள்’ என்பதைவிட ‘சாப்’ என்று தொடங்கிப் பாருங்கள், குரலே மாறிவிடும். எத்தனை பேரைச் சுட்டார் என்று கேட்காதீர்கள். லங்கரில் என்ன சாப்பாடு, பக்கத்துக் கட்டிலில் யார் படுத்தது, குளிரில் எப்படித் தூங்கினார்கள், அவர் பாடுவாரா, வாலிபால் ஆடுவாரா, கடிதம் வந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். போர் பற்றி அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்பா அடிக்கடி ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம், திரும்பி வராத நண்பரின் பெயர். புது தில்லியில் 2019 பிப்ரவரி 25-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தின் தியாகச் சக்கரத்தில் களத்தில் இறந்தவர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே போகிற உறவினர் யாரிடமாவது சொல்லி, அந்தப் பெயர் இருக்கும் கல்லைப் போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள். அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பில் அந்த நண்பருக்கும் அரைப் பக்கம் கொடுங்கள்.

கசப்பான விஷயங்களும் வரும். கேன்டீன் ரம் வீட்டுக்குள் கொண்டுவந்த சண்டை, பென்ஷன் வந்த முதல் இரண்டு வருடம் யாரோடும் ஒட்டாமல் இருந்தது, பிள்ளைகளை ரோல்கால் மாதிரி வரிசையில் நிறுத்தியது. இவற்றை மறைத்து எழுதினால் கூடவே வாழ்ந்தவர்கள் நம்ப மாட்டார்கள். எல்லாவற்றையும் கொட்டினால் அம்மாவுக்கு வலிக்கும். அம்மா உயிரோடு இருக்கும்வரை அவர் சரி என்று சொன்னதை மட்டும் அச்சில் போடுங்கள், மீதியை நோட்டில் வைத்திருங்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். போனவரைவிட இருப்பவரின் மனசு பெரிது.

ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம்

வீட்டில் காகிதம் போதவில்லை என்றால் அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. பீரங்கிப் படையான ஆர்டிலரிக்கு நாசிக், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ.க்கும் (மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு) ஏ.ஓ.சி.க்கும் (தளவாடப் பிரிவு) செகந்திராபாத், ஏ.எம்.சி.க்கு (மருத்துவப் பிரிவு) லக்னோ. பென்ஷனுக்குப் பிறகு டி.எஸ்.சி. என்ற பாதுகாப்புக் காவல் பிரிவில் மறுபடி சேர்ந்திருந்தால் அந்தச் சர்வீஸுக்குக் கண்ணூர்.

கடிதம் அம்மாவின் பெயரில் போவது நல்லது, பதிவில் நெருங்கிய உறவாக இருப்பவர் அவர்தான். சர்வீஸ் நம்பர், ரேங்க், ராணுவப் பதிவில் உள்ளபடி பெயர், சேர்ந்த, விலகிய தேதிகள், பழைய, புதிய முகவரி, இறப்புச் சான்றிதழ் நகல், பி.பி.ஓ. நகல் சேருங்கள். என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்: பணியாற்றிய யூனிட்கள், பதவி உயர்வு தேதிகள், மெடல் பட்டியல். மிகப் பழைய சர்வீஸ் என்றால் விரிவான பதிவு இல்லாமல் போயிருக்கலாம், லாங் ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் உள்ள விவரமாவது வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு எழுத்து வேலையைத் தொடருங்கள். பதிலுக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எழுதத் தொடங்கும்போது

நம் பக்கத்து நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். செங்கம் வட்டாரத்திலும் சித்தூர் வயல்களிலும் நிற்கின்றன. எந்த அரசன் ஆட்சியில் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் பட்டான் என்று சில வரிகளில் முடித்துவிடுவார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று பெயரோடு பொறித்திருக்கிறார்கள். வீரம் என்று ஒரு பொதுச் சொல் அங்கே இல்லை. யார், எங்கே, என்ன செய்தார் என்பது மட்டும். நமக்கு இதைவிட நல்ல முன்மாதிரி தேவையில்லை.

‘தாய்நாட்டுக்காகத் தன்னையே அர்ப்பணித்த மாவீரர், சிறந்த குடும்பத் தலைவர்’ என்று எழுதினால் அது எந்த வீட்டு அப்பாவுக்கும் பொருந்தும். இப்படி எழுதிப் பாருங்கள்:

“1964-இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். வெலிங்டனில் பயிற்சி. முதல் சம்பளத்தில் தம்பிக்கு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பினார், நம் ஊர் வெயிலில் அதைப் போட யாருக்கும் வழியில்லை. 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் இருந்தார். அந்த மாதம் வீட்டுக்குக் கடிதம் வரவில்லை. ஜனவரியில் வந்த மணியார்டர் கூப்பனில் ‘நலம்’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. மூன்றாவது பெண் பிறந்து நாற்பது நாள் கழித்துத்தான் முகம் பார்த்தார். 1981-இல் ஹவில்தாராகப் பென்ஷன் வந்தார். அதற்குப் பிறகு இருபது வருடம் சித்தூரில் ஒரு ஷெட்டில் இரவுக் காவல். மகள்கள் மூவரையும் படிக்க வைத்தது அந்த இரவுச் சம்பளம்.”

பென்ஷனுக்குப் பிந்தைய வாழ்க்கையை ஒரு வரியில் தள்ளிவிடாதீர்கள். சர்வீஸ் பதினேழு வருடம் என்றால் அதற்குப் பிறகு நாற்பது வருடம் வாழ்ந்திருப்பார். வங்கி வாசலில் நின்றது, நிலத்தில் இறங்கியது, தெருப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது, ஊரில் எவருக்குப் பென்ஷன் தாள் வந்தாலும் படித்துச் சொன்னது, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கட்டில் விரிப்பை மடிப்புக் கலையாமல் மடித்தது. குடும்பத்துக்கு அவர் முழுசாகக் கிடைத்த காலம் அதுதான், பக்கங்களும் அதற்கே அதிகம் போகட்டும்.

பேனரும் படத்திறப்பும்

காரியத்துக்குள் எழுதி முடிக்க முடியாது, முடிக்கவும் தேவையில்லை. அதுவரை சில விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். வயதாகி வீட்டில் இறந்தவருக்கு ‘வீரமரணம்’ என்று பேனரில் போடாதீர்கள், அது களத்தில் விழுந்தவர்களுக்கு உரியது. ரேங்க்கை டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடி, ‘ஓய்வு’ என்று சேர்த்துப் போடுங்கள். பென்ஷன் வந்தபின் கௌரவ ரேங்க் கிடைத்திருந்தால் ‘கௌரவ’ என்பதையும் சேருங்கள். தேசியக் கொடியை உடலின் மேல் போர்த்துவது அரசு, ராணுவ, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குகளுக்கு மட்டுமே கொடிச் சட்டத்தில் அனுமதிக்கப்பட்டது. அப்போதும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும், கொடியைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரர்கள் பெரே தொப்பியும் மெடலும் அணிந்து வந்து சல்யூட் வைப்பார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள், இரண்டு பேர் வந்தாலும் அது அப்பாவுக்குப் பெரிய மரியாதை.

படத்துக்கு யூனிஃபார்ம் போட்டோவா, வேட்டி சட்டையா என்று எல்லா வீட்டிலும் வாக்குவாதம் வரும். அம்மா எதைச் சொல்கிறாரோ அது. படத்திறப்பில் பேச ஐந்து நிமிடம் போதும். ஒரு பட்டாளச் சம்பவம், ஒரு வீட்டுச் சம்பவம், அவர் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியம். எழுதி வைத்துப் படியுங்கள், தொண்டை அடைத்தால் தொடர வேறொருவர் கையில் நகல் இருக்கட்டும்.

அச்சும் பிரதிகளும்

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் முப்பது, நாற்பது பக்கச் சிறு புத்தகமாகக் கொண்டுவரலாம். அதற்கு வசதிப்படாவிட்டால் ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினமும் டிசம்பர் 7 கொடி நாளும் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்த, எடுத்த வீடுகளில் பேரப்பிள்ளைகள் தெலுங்கு மீடியத்தில் படித்திருப்பார்கள், தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அவர்களுக்காகப் படங்களின் கீழ் உள்ள குறிப்புகளையாவது தெலுங்கிலும் போடுங்கள். அம்மாவின் குரல் பதிவைப் பென் டிரைவில் போட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். ஒரே போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள்.

அச்சுக்கு அனுப்புமுன் முழுசையும் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் திருத்துவார். “அந்த மாடு வெள்ளை இல்ல, செவல” என்பார். திருத்திக்கொள்ளுங்கள். பிரதிகள் மகன்கள், மகள்கள் வீட்டுக்குச் சமமாகப் போகட்டும், மெடல் எந்த வீட்டில் இருந்தாலும் புத்தகம் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். யூனிட் நண்பர்களுக்கு ஒன்று, ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்துக்கு ஒன்று, ரெஜிமென்ட் சென்டருக்கு ஒன்று. கடைசிப் பக்கங்கள் இரண்டை வெறுமையாக விடுங்கள். படித்துவிட்டு யாராவது போன் செய்து “எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கு” என்று நிச்சயம் சொல்வார்கள்.